எதிராளி ஜெயிக்கட்டும்!

வாசக சகோதரிகளே, முதலில் உங்களை ஒரு கேள்வி கேட்டு விடுகிறேன். உங்கள் பிள்ளையைப் போட்டியில் தோற்கடித்த ஒரு பெண், அடுத்த ஆட்டத்தில் ஜெயிக்க வேண்டுமே என்று நீங்கள் என்றைக்காவது பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டதுண்டா?

"இதென்ன பைத்தியக்காரத்தனம்!" என்று பக்கத்தைப் புரட்டி, தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, மேற்கு மாம்பலத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் ஓர் அம்மாள் அப்படி வேண்டிக்கொண்டதை என் இரண்டு காதாலும் கேட்டேன். அதற்கு முதல் நாள், அதே பெண்ணை அதே அம்மாள் எரித்துவிடுவது போலப் பார்த்ததையும் நான் பார்த்திருந்தேன். இடையில் நடந்தது என்ன என்பதுதான் இந்த வாரத்துக் கதை. கதை என்றேனே தவிர, கற்பனை இல்லை.

முகூர்த்தமில்லாத சனி, ஞாயிறு. மேளமும் இல்லை, மாப்பிள்ளை வீட்டாரின் அதிகாரமும் இல்லை. பந்தி போடுகிற கூடத்தில் சாப்பாட்டு மேஜைகளை வரிசையாகப் போட்டு, இலைக்குப் பதிலாகச் சதுரங்கக் கட்டத்தை விரித்திருந்தார்கள். பெயர் கொடுத்தவர்கள் 61 பேர். அவர்களில் மிகச் சிறியவள் ஏழு வயதுச் சிறுமி. மிகப் பெரியவர் ரெயில்வேயில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற 67 வயதுப் பெரியவர். ஆளுக்கு 25 நிமிஷம். சனிக்கிழமை நான்கு சுற்று, ஞாயிறு மூன்று சுற்று. செல்போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். உள்ளே கடிகாரத்தை அமுக்குகிற 'டக், டக்' சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது.

ஆனால் உண்மையான பரபரப்பெல்லாம் வெளியேதான். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு அம்மாமார்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் டிபன் டப்பா, காலடியில் ஃபிளாஸ்க், கண் மட்டும் கதவின் மேல். பரீட்சைக்கூடத்து வாசலிலும், பிரசவ அறை வாசலிலும் பார்க்கிற அதே முகங்கள்.

இரண்டாவது சுற்று முடிந்து ஒரு பையன் வெளியே வந்தான். பத்து வயதிருக்கும். வாசலுக்கு வருகிற வரையில் அடக்கி வைத்திருந்த அழுகை, அம்மாவைக் கண்டதும் உடைந்துவிட்டது.

"என்னடா, தோத்துட்டியா? யார்கிட்டே?"

பையன் கையைக் காட்டினான். பின்னாலேயே ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். பதின்மூன்று வயது, இரட்டைப் பின்னல்.

"ஒரு பொண்ணுகிட்டே தோத்துட்டா வந்து நிக்கறே!" என்றார் அம்மாள்.

அந்தப் பெண்ணின் காதிலும் அது விழுந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

வேரா மெஞ்சிக் என்று ஒரு மாதரசி. 1927-ல் உலகத்தின் முதல் பெண் சதுரங்க சாம்பியன் ஆனவர். 1929-ல் கார்ல்ஸ்பாட் நகரத்தில் நடந்த பெரிய போட்டியில் ஆண்களோடு ஆட அவரையும் சேர்த்தார்கள். அங்கே ஆல்பர்ட் பெக்கர் என்ற ஆட்டக்காரருக்கு ஒரே கேலி. "இந்த அம்மாளிடம் தோற்கிறவர்களையெல்லாம் சேர்த்து 'வேரா மெஞ்சிக் கிளப்' என்று ஒன்று தொடங்கலாமே!" என்றாராம். அந்தக் கிளப்பில் முதல் அங்கத்தினராகச் சேர்ந்தவர் யார் தெரியுமா? சாட்சாத் பெக்கரேதான்! பின்னால் உலக சாம்பியனான மாக்ஸ் யூவேகூட அந்த அம்மாளிடம் தோற்று அந்தக் கிளப்பில் இடம் பிடித்தவர்தான்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் சென்னையில் பிறந்த எஸ். விஜயலக்ஷ்மி 2001-ல் இந்தியாவின் முதல் பெண் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தைப் பெற்றார். தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து பெண்ணை எழுப்ப வேண்டுமே என்று பெற்றோர் செஸ் வகுப்பில் சேர்த்தார்களே, அந்த வைஷாலி 2023-ல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அக்காவைப் பார்த்து ஆடக் கற்றுக்கொண்ட தம்பிதான் பிரக்ஞானந்தா. உலகத்திலேயே அக்காவும் தம்பியும் கிராண்ட்மாஸ்டர்களாக இருப்பது இவர்கள் வீட்டில்தான் முதல் தடவை. 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது, ஹரிகா துரோணவல்லி நிறைமாதக் கர்ப்பிணியாக வந்து ஆடினார். இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியது. "ஒரு பொண்ணுகிட்டே" என்று இனி யாராவது சொன்னால், "ஆமாம், பெண்ணிடம்தான்!" என்று சொல்லிவிடுங்கள்.

போகட்டும். இரட்டைப் பின்னல்காரி பிறகு செய்த காரியத்தைக் கேளுங்கள். அழுகிற பையனிடம் வந்து, "டேய், அந்தக் குதிரையை ஏன் பின்னாலே கொண்டுபோனே? அங்கேதான் உன் ஆட்டம் கெட்டுது. வா, வச்சுப் பார்க்கலாம்" என்றாள். பையன் மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். அம்மா வேறு பக்கம் பார்த்தார். இரண்டு பேரும் மாடிப்படியில் போய் உட்கார்ந்து, ஒரு சின்னக் கட்டத்தை விரித்துக்கொண்டார்கள். ஐந்து நிமிஷத்தில், "இல்லை, அப்போ நான் யானையை வச்சு மிரட்டுவேன்!" என்று பையனின் குரல் உரக்கக் கேட்டது. அழுகை போன இடம் தெரியவில்லை.

இந்த ஆட்டத்தின் அழகே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆட ஆரம்பிக்கும்போது கை குலுக்குகிறார்கள். முடிந்ததும் கை குலுக்குகிறார்கள். அதற்கு மேலும், ஜெயித்தவரும் தோற்றவரும் ஒன்றாக உட்கார்ந்து, எங்கே சரி, எங்கே தப்பு என்று பார்க்கிறார்கள். வேறு எந்தச் சண்டையிலே இது உண்டு? சம்பந்திச் சண்டையில் உண்டா? குழாயடியில் உண்டா?

அன்று மத்தியானம் இடைவேளையில் ரெயில்வேப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "1972-ல் இங்கே சோவியத் கலாசார நிலையத்தில் மிகயீல் டால் பெயரில் ஒரு செஸ் கிளப் ஆரம்பித்தார்களே, அங்கே போய் நின்ற பையன்களில் நானும் ஒருவன்" என்றார். 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற மானுவல் ஆரோன் இளைஞர்களுக்கு ஊக்கமூட்டிய இடம் அது. சிறு பையனாக ஆனந்த் போய் ஆடியதும் அங்கேதான். 1988-ல் விசுவநாதன் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பிறகு உலக சாம்பியன் ஆனார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை ஜெயித்து, பதினெட்டு வயதில் உலகப் பட்டத்தைக் கைப்பற்றிய குகேஷும் சென்னைப் பிள்ளைதான்.

ஆனந்துக்கு ஆறு வயதில் ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவர் அவர் தாயார் சுசீலா அம்மாள். குடும்பம் மணிலாவில் இருந்த காலத்தில், பகல் நேரத்தில் டெலிவிஷனில் ஒரு செஸ் நிகழ்ச்சி வருமாம். பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பானே! அம்மா உட்கார்ந்து புதிர்களையெல்லாம் குறித்து வைப்பார். சாயந்திரம் இருவரும் விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். பையன் வாரா வாரம் பரிசைத் தட்டிக்கொண்டு போகவே, கடைசியில், "இருக்கிற புத்தகங்களில் வேண்டியதையெல்லாம் எடுத்துக்கொள், இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே!" என்று சொல்லிவிட்டார்களாம். காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்த அந்தத் தாயாரை நினைத்துப் பாருங்கள். கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் இந்தப் போட்டி நடக்கிற விதத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தேங்காய் விஷயம் புரியாது.

61 பேரும் ஒவ்வொருவரோடும் ஆடுவதென்றால் ஆளுக்கு 60 ஆட்டம். மண்டபத்தை மாதக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும். தோற்றவர் வீட்டுக்குப் போகலாம் என்றால், பாதிப் பேருக்கு ஒரு ஆட்டத்தோடு சரி. ஆகவே 1895-ல் ஸ்விட்ஜர்லாந்தில் ஜூரிக் நகரத்தில் ஒரு வழி செய்தார்கள். ஜெயித்தவருக்கு ஒரு புள்ளி, சமமானால் அரைப் புள்ளி. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளி உள்ளவர்களை ஜோடி சேர்க்கிறார்கள். ஜெயித்தவர் ஜெயித்தவரோடு, தோற்றவர் தோற்றவரோடு. ஒருவரையும் வெளியே அனுப்புவதில்லை. தோற்றவருக்கு நடக்கிறதெல்லாம், அடுத்த சுற்றில் கொஞ்சம் பின்னால் உள்ள மேஜைக்குப் போவது, அவ்வளவுதான். இதற்கு 'ஸ்விஸ் முறை' என்று பெயர்.

61 ஒற்றைப்படை எண் அல்லவா? அதனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒருவருக்கு ஜோடி இராது. அவருக்கு ஆடாமலே ஒரு புள்ளி கொடுத்துவிடுவார்கள். ஆறாவது சுற்றில் அந்த அதிர்ஷ்டம் ஏழு வயதுச் சிறுமிக்கு அடித்தது. அவளோ, அதை அதிர்ஷ்டமாக நினைக்கவில்லை.

"எனக்குச் சும்மா பாயிண்ட் வேண்டாம். நான் ஆடணும்!" என்று கண்ணைக் கசக்க ஆரம்பித்தாள்.

போட்டி நடத்துகிறவர் நல்ல மனிதர். வாசலுக்கு வந்து, "யாருக்காவது ஆடத் தெரியுமா? குழந்தையோடு ஓர் ஆட்டம் ஆடணும்" என்றார். நாற்காலிகளில் ஒரே நிசப்தம். அப்போது பத்து வயதுப் பையனின் அம்மாவை அடுத்த நாற்காலிக்காரர் இடித்தார். "அக்கா, உங்க தாத்தா சொல்லிக் குடுத்தார்னு காலையிலே சொன்னீங்களே, போங்க!"

"ஐயோ, கல்யாணத்துக்கு முன்னாலே ஆடினது! பதினாறு வருஷம் ஆச்சு!" என்றார் அந்த அம்மாள். ஆனால் முகம் சிவந்ததில், ஆசை இல்லாமலில்லை என்று தெரிந்தது. அவருடைய ஊர் நீடாமங்கலத்துப் பக்கமாம். பக்கத்தில் திருப்பூவனூரில் சுவாமிக்கே சதுரங்க வல்லபநாதர் என்றுதான் திருநாமம். ஆட்டத்தில் யாராலும் ஜெயிக்க முடியாத ராஜகுமாரி ராஜராஜேசுவரியை, சிவபெருமான் வயோதிக வேஷத்தில் வந்து ஆடி ஜெயித்து மணந்துகொண்டார் என்பது அந்தக் கோயில் புராணம். "எங்க ஊர்ப் பக்கம் சாமியே செஸ் ஆடித்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டார். நான் ஆடினா என்ன?" என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார்.

"ஜெயித்தாலும் தோற்றாலும் உனக்கு ஒரு பாயிண்ட் உண்டும்மா" என்று குழந்தைக்குச் சொன்னார் நடத்துகிறவர்.

"வேண்டாம் ஸார். தோத்தா பூஜ்யமே போடுங்க" என்றது குழந்தை.

நான் கதவோரமாக நின்று பார்த்தேன். முதல் பத்து நிமிஷம் அம்மாள் நன்றாகத்தான் ஆடினார். பிறகு என்ன நினைத்தாரோ, ராணியைத் தொட்டுவிட்டார். தொட்ட கையை நெருப்பைத் தொட்டாற்போல் இழுத்துக்கொண்டார். ராணி நகர்ந்தால் எதிராளியின் பிஷப் வெட்டிவிடும். நகர்ந்தே ஆக வேண்டிய இடங்களிலும் ஆபத்து.

"ஆன்ட்டி, நீங்க ராணியைத் தொட்டுட்டீங்க" என்றது குழந்தை, மெதுவாக, மரியாதையாக.

தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் சட்டம். வீட்டில் தாத்தாவோடு ஆடினால், "போனால் போகட்டும், எடுத்து வை" என்பார். இங்கே தாத்தா இல்லை. ராணி போயிற்று. அந்தக் காலத்துச் சதுரங்கத்தில் அந்த இடத்தில் ராணியே கிடையாது, மந்திரிதான் நின்றார். குறுக்கே ஒரே ஒரு கட்டம் நகருவார், பாவம். பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் சட்டத்தை மாற்றி ராணிக்கு எல்லாத் திசையிலும் ஓட அதிகாரம் கொடுத்தார்கள். அத்தனை அதிகாரமுள்ளவளை இழந்த பிறகு ராஜா எத்தனை நேரம் தாங்குவார்? இன்னும் ஆறேழு காய் நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. அம்மாள் எழுந்து குழந்தையோடு கை குலுக்கினார்.

வெளியே வந்தால், பையன் நிற்கிறான். தன் ஆட்டத்தைச் சீக்கிரமே ஜெயித்துவிட்டு வந்தவன்.

"தோத்துட்டியாம்மா?"

"ஆமாண்டா."

"யார்கிட்டே?" பையன் வேண்டுமென்று கேட்டானா, வெகுளியாகக் கேட்டானா, தெரியாது. அம்மாள் அந்த ஏழு வயதுச் சிறுமியைக் கையால் காட்டினார். காட்டும்போதே, நேற்று நடந்தது நினைவுக்கு வந்துவிட்டது போலும். பேச்சு வரவில்லை.

பையன் மேலே ஒன்றும் கேட்கவில்லை. "ராணியைத் தொடறதுக்கு முன்னாலே என்ன யோசிச்சே? வா, வச்சுப் பார்க்கலாம்" என்று மாடிப்படிக்கு அழைத்துக்கொண்டு போனான். போகிறபோது அம்மாள் சொன்னது என் காதில் விழுந்தது: "அங்கே உட்கார்ந்தா கை நடுங்கறதுடா. நீ எப்படி உட்கார்ந்திருக்கே?"

ஏழாவது சுற்று முடியும்போது மணி ஐந்து. பையன் தன் கடைசி ஆட்டத்தைச் சமமாக முடித்து, மொத்தம் 4½ புள்ளி எடுத்திருந்தான். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான மூன்றாவது பரிசுக்கு அவனும், அதே 4½ எடுத்த இன்னொரு பையனும் சமநிலையில் இருந்தார்கள். இம்மாதிரி சமயத்தில் யாருக்குப் பரிசு என்று தீர்மானிக்க ஒரு கணக்கு உண்டு. 1932-ல் ப்ருனோ புக்ஹோல்ஸ் என்பவர் கொண்டுவந்தது. நீங்கள் யார் யாரோடு ஆடினீர்களோ, அவர்களெல்லாரும் போட்டி முழுவதிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை யாருக்கு அதிகமோ அவரே முந்தியவர். பலசாலிகளோடு மோதியவருக்கு அதற்குரிய மதிப்பு வேண்டுமல்லவா? நியாயமான கணக்கு.

பையன் காகிதத்தின் பின்புறத்தில் கூட்டிப் பார்த்தான். அவனுக்கு 28, மற்றவனுக்கு 28½. எல்லா ஆட்டமும் முடிந்து, ஒரே ஒரு மேஜையில்தான் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் ரெயில்வேப் பெரியவர். எதிர்ப்பக்கம் யார் தெரியுமா? இரட்டைப் பின்னல்! அவள் ஜெயித்தால் பையனின் கணக்கு 29 ஆகும், பரிசு அவனுக்கு. மற்றவனின் கணக்கு இந்த ஆட்டத்தால் மாறாது.

இப்போது புரிகிறதா, அம்மாள் ஏன் தேங்காய் வேண்டிக்கொண்டார் என்று? "பிள்ளையாரப்பா, அந்தப் பொண்ணு ஜெயிக்கணும்!"

பிள்ளையாருக்கு அன்று வேறு ஜோலி இருந்திருக்க வேண்டும். ஒரு யானை குறைவாக இருந்தும் அந்தப் பெண் இருபது நிமிஷம் போராடினாள். கடைசியில் கடிகாரத்தில் நேரம் தீர்ந்துவிட்டது. பெரியவர் எழுந்து நின்று அவளுக்குக் கை கொடுத்தார்.

அவள் வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. நேரே பையனின் அம்மாவிடம்தான் வந்தாள். பையன் சொல்லித்தான் இருந்தான் போலிருக்கிறது. "ஸாரி ஆன்ட்டி. நான் ஜெயிச்சிருந்தா இவனுக்குப் பரிசு கிடைச்சிருக்கும்" என்றாள்.

அந்த அம்மாள் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். பிறகு தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, "எனக்கு எதுக்குக் கண்ணு ஸாரி? நான்தான் உன்கிட்டே சொல்லணும். காலையிலேயிருந்து ஏதாவது சாப்பிட்டியா?" என்று டிபன் டப்பாவைத் திறந்தார். எலுமிச்சம்பழச் சாதமும் வடாமும். பையன், பெண், ஏழு வயதுச் சிறுமி மூவரும் ஒரே டப்பாவில் கைவைத்தார்கள். சற்று நேரத்தில் ரெயில்வேப் பெரியவரும் வந்து, "எனக்கும் ஒரு வாய் உண்டா?" என்றார்.

முடிவுகளைச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். முதல் பரிசு 6½ புள்ளியோடு ஓர் என்ஜினீயரிங் கல்லூரி மாணவருக்கு. கடைசி ஆட்டத்தில் அவரைச் சமத்தில் நிறுத்திய பதினான்கு வயதுப் பையன் 6 புள்ளியோடு இரண்டாவது. ரெயில்வேப் பெரியவருக்கும் 6 புள்ளிதான். புக்ஹோல்ஸ் கணக்கில் பின்தங்கி மூன்றாவது. 5 புள்ளி எடுத்த இரட்டைப் பின்னலுக்குப் பெண்களுக்கான முதல் பரிசு. ஏழு வயதுச் சிறுமிக்கு, மிக இளையவள் என்று ஒரு சிறு கோப்பை. நம் பையனுக்கு ஒன்றுமில்லை. ஆனால் எல்லாருக்கும் கைதட்டியவர்களில் அவன் சத்தந்தான் பலமாகக் கேட்டது.

சகோதரிகளே, போட்டி என்றால் ஒருவர் ஜெயிக்க, மற்றவர் தோற்கத்தான் வேண்டும். கதவைத் திறந்துகொண்டு வருகிற குழந்தைக்கு அது ஏற்கெனவே தெரியும். "ஜெயிச்சியா?" என்று நாம் கேட்பதில் அதற்குப் புதிதாக ஒன்றுமில்லை. "வா, வச்சுப் பார்க்கலாம்" என்று சொல்லிப் பாருங்களேன். ஆட்டம் தெரியாவிட்டால், தெரிந்த குழந்தையையே சொல்லித்தரச் சொல்லுங்கள். முப்பத்திரண்டு காய்கள்தானே? நம் சமையலறையில் அதைவிட அதிகமான டப்பாக்களை நிர்வாகம் பண்ணுகிறோம்!

மண்டபத்தில் நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பை மாட்டிக்கொள்ளும்போது, அந்த அம்மாள் போட்டி நடத்துகிறவரிடம் மெல்ல ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார். பையனை அடுத்த போட்டிக்கு எழுதிப் போடுகிறார் என்று நினைத்தேன்.

"பையனுக்கு எவ்வளவுன்னு தெரியும் ஸார்" என்றார் அவர். "பெரியவங்களுக்கு நுழைவுக் கட்டணம் எவ்வளவு?"